பின் 88, ஸ்கோர் 91: பௌலிங் திரை எப்படிக் கணக்குப் போடுகிறது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் பனி இறங்கி வெளியே போக முடியாத ஒரு மாலையில், தங்கிய விடுதியிலேயே குடும்பத்தோடு பௌலிங் (பந்தைத் தரையில் உருட்டி, எதிர்க் கோடியில் குப்பிபோல நிற்கும் பின்களைச் சாய்க்கும் ஆட்டம்) ஆடியிருக்கிறீர்கள். திரையில் இருந்த சின்ன எண்களைக் கூட்டிப் பார்த்தால் உங்கள் பன்னிரண்டு வயது மகள் சாய்த்த பின்கள் 88, மச்சான் சாய்த்தவை 80. ஆனால் கடைசியில் மகளுக்கு 91, மச்சானுக்கு 116 என்று வந்திருக்கிறது. மெஷின் தப்பா, ஸ்ட்ரைக் (முதல் பந்திலேயே எல்லாப் பின்னும் சாய்வது) விழுந்ததும் கட்டம் ஏன் காலியாகவே கிடந்தது, அடுத்த ஆட்டத்தின் கடைசி ஃப்ரேமில், அதாவது கடைசிச் சுற்றில், மச்சானுக்கு மட்டும் ஏன் மூன்று பந்து கிடைத்தது, இதுதான் உங்கள் கேள்வி. "அதிகமா சாய்ச்சது நான், ஜெயிச்சது மாமாவா?" என்று மகள் அடிவாரம் வரும் வரை கேட்டுக்கொண்டே வந்தாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அவளுடையதுதான். விதியை மட்டும் சொல்லிவிட்டு விட்டால் அவளுக்குப் பதில் கிடைக்காது. அதனால் நீங்கள் போட்ட போட்டோவில் இருக்கும் எண்களை வைத்தே சொல்கிறேன்.

நான் சேலம் அஸ்தம்பட்டிக்காரன். பெங்களூரில் ஒரு பௌலிங் கூடத்தில் பல ஆண்டுகள் லேன் (பந்து உருளும் நீளமான தளம்) பராமரிப்பும் லீக் ஆட்டங்களின் ஸ்கோரும் பார்த்திருக்கிறேன். ஸ்கோர் கம்ப்யூட்டர் நின்றுபோகும் நாட்களில் காகிதத்தில் கையால் எழுதிக் கூட்டுவோம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: உங்கள் போட்டோவில் இருக்கும் கூட்டல் சரி. இரண்டு ஆட்டங்களையும் பந்து பந்தாகப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஒரு ஆட்டத்துக்கு 10 ஃப்ரேம். ஒவ்வொரு ஃப்ரேமிலும் 10 பின்கள் முக்கோணமாக, முன்னால் ஒன்று, பிறகு இரண்டு, மூன்று, நான்கு என்று நிற்கும். அவற்றைச் சாய்க்க இரண்டு பந்து. இரண்டும் உருட்டிய பிறகும் ஏதாவது நின்றால், விழுந்ததை எண்ணி எழுதிவிடலாம். அந்த ஃப்ரேம் அங்கேயே முடிந்தது. அதை ஓபன் ஃப்ரேம் என்பார்கள். இரண்டாவது பந்தோடு பத்தும் விழுந்துவிட்டால் ஸ்பேர்: அந்த 10-உடன், அதற்குப் பின் உருட்டும் ஒரு பந்தில் விழுவதும் சேரும். முதல் பந்திலேயே பத்தும் விழுந்தால் ஸ்ட்ரைக்: 10-உடன், பின்னால் வரும் இரண்டு பந்துகளில் விழுவதும் சேரும். ஸ்ட்ரைக் விழுந்த ஃப்ரேமில் இரண்டாவது பந்து கிடையாது. முதல் பந்து ஓரப் பள்ளத்தில் போய், இரண்டாவதில் பத்தும் விழுந்தால் அது ஸ்பேர்தான், ஸ்ட்ரைக் ஆகாது. விதி மொத்தமும் இவ்வளவே. திரையில் ஸ்ட்ரைக்குக்கு எக்ஸ் குறி, ஸ்பேருக்குச் சாய்கோடு, ஒன்றும் விழாத பந்துக்குச் சிறு கோடு.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஸ்பேர் போட்டால் அடுத்த ஃப்ரேமின் மொத்தமும் சேரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பந்தைத்தான் எண்ண வேண்டும், ஃப்ரேமை எண்ணக் கூடாது. ஸ்பேருக்குப் பிறகு வரும் முதல் பந்து தன் சொந்த ஃப்ரேமிலும் எண்ணப்படும், முந்தின ஃப்ரேமிலும் எண்ணப்படும். அதாவது அந்தப் பந்தில் விழும் ஒவ்வொரு பின்னுக்கும் இரண்டு மதிப்பெண். இரண்டு ஸ்ட்ரைக் அடுத்தடுத்து விழுந்த பிறகு வரும் முதல் பந்து மூன்று இடத்தில் எண்ணப்படும். அதில் விழும் ஒரு பின் மூன்று மதிப்பெண்ணுக்குச் சமம். பௌலிங்கில் எல்லாப் பின்னுக்கும் ஒரே விலை கிடையாது. ஒரு பின்னின் விலையை அதற்கு முன்னால் நடந்தது தீர்மானிக்கிறது. உங்கள் மகளுக்குப் புரிய வேண்டியது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது.

கட்டம் காலியாகக் கிடந்ததன் காரணமும் இதுவே. செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டியில் மூட்டை இறங்கியதும் எடையைக் குறித்துக்கொள்ளலாம், ஏலம் முடியாமல் விலையை எழுத முடியாது. ஸ்ட்ரைக் கட்டமும் அப்படித்தான். பத்தும் விழுந்தது தெரியும், எக்ஸ் குறி வந்துவிடும். அதன் மதிப்பு இன்னும் இரண்டு பந்து உருண்டால்தான் தெரியும். ஸ்பேருக்கு ஒரு பந்து காத்திருந்தால் போதும். அடுத்தடுத்து ஸ்ட்ரைக் விழும்போது இரண்டு கட்டங்கள் கூடக் காலியாக நிற்கும். பிறகு ஒரே பந்தில் எண்ணிக்கை திடீரென்று ஏறும். அதைப் பார்த்துத்தான் மெஷின் எதையோ அள்ளிப் போடுகிறது என்ற சந்தேகம் எல்லோருக்கும் வருகிறது.

இப்போது மச்சானின் ஆட்டம். முதல் ஃப்ரேமில் 5, 2. கணக்கு 7. இரண்டாவதில் ஒரு பந்து பள்ளத்தில் போயிற்று, அடுத்ததில் 6, மொத்தம் 13. மூன்றாவதில் 8, பிறகு மிச்சம் இரண்டையும் சாய்த்து ஸ்பேர். நான்காவதிலும் ஐந்தாவதிலும் ஸ்ட்ரைக். ஆறாவதில் 7, 2. இங்கேதான் அவர் ஆட்டத்தை எடுத்தார். மூன்றாவது ஃப்ரேம்: ஸ்பேரின் 10, அடுத்த பந்து ஸ்ட்ரைக் என்பதால் இன்னொரு 10, ஆக 20, மொத்தம் 33. நான்காவது: 10, அடுத்த இரண்டு பந்துகள் 10-ம் 7-ம், ஆக 27, மொத்தம் 60. ஐந்தாவது: 10, அடுத்த இரண்டு பந்துகள் 7-ம் 2-ம், ஆக 19, மொத்தம் 79. ஆறாவது வெறும் 9, மொத்தம் 88. அதற்குப் பிறகு அவர் சாதாரணமாகத்தான் ஆடியிருக்கிறார்: 4, 3, பிறகு 6, சுழி, 5, 3, 6, 1. அவை 95, 101, 109, 116. விழுந்த பின்கள் 80, கூடுதலாகச் சேர்ந்தவை 36. இந்த 36-ம் மூன்றே ஃப்ரேமிலிருந்து வந்தது.

அந்த மூன்று ஃப்ரேமும் வரிசையாக விழாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று போட்டுப் பார்த்தேன். அதே பத்து ஃப்ரேம், ஒரு பின் கூடவோ குறையவோ இல்லை. இடம் மட்டும் மாற்றினேன். முதலில் ஸ்ட்ரைக், பிறகு 5, 2, மறுபடி ஸ்ட்ரைக், பிறகு சுழி, 6, பிறகு அந்த ஸ்பேர், அடுத்து 4, 3, மீதியெல்லாம் இருந்தபடியே. கணக்கு 17, 7, 16, 6, 14, 7, 9, 6, 8, 7 என்று வருகிறது. கூட்டினால் 97. அதே 80 பின்னுக்கு ஒரு வரிசையில் 116, இன்னொரு வரிசையில் 97. லீக் ஆடுகிறவர்கள் ஸ்ட்ரைக்கை எண்ணிக்கையாகப் பேசாமல் தொடர்ச்சியாகப் பேசுவது இதனால்தான். மூன்று தொடர்ந்து விழுந்தால் அதற்கு டர்க்கி என்று தனிப் பெயரே இருக்கிறது.

மகளின் ஆட்டத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். 7, 2, 8, 1, 6, 2, 9, சுழி, 7, 1, ஆறாவதில் 8-க்குப் பின் ஸ்பேர், 3, 5, 6, 3, 9, சுழி, 7, 2. ஓபன் ஃப்ரேம்களாகவே பத்தும் ஆடினால் எவ்வளவு நன்றாக ஆடினாலும் 90-ஐத் தாண்ட முடியாது. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பின் நின்றால்கூட ஃப்ரேமுக்கு 9 தான். அவள் அந்த உச்சத்துக்கு மிகப் பக்கத்தில் போயிருக்கிறாள். இருந்த ஒரு ஸ்பேருக்குப் பிறகு வந்த பந்தில் 3 தான் விழுந்தது. அது சேர்ந்து 88 என்பது 91 ஆயிற்று. அந்த 3 அன்றைய ஆட்டத்திலேயே அவளுடைய மோசமான முதல் பந்து. இரண்டு மதிப்பெண் கிடைக்கும் இடத்தில் அது வந்தது அவளுடைய துரதிருஷ்டம்.

அவளிடம் நீங்கள் காட்ட வேண்டிய எண் வேறொன்று இருக்கிறது. முதல் பந்துகளை மட்டும் கூட்டுங்கள். மகளுக்கு 70, மச்சானுக்கு 61. அதாவது சராசரியாக முதல் பந்திலேயே 7 பின் சாய்த்திருக்கிறாள். பன்னிரண்டு வயதில், அவ்வப்போது ஆடுகிற ஒரு பிள்ளைக்கு இது உண்மையிலேயே நல்ல கை. அவள் தோற்றது இரண்டாவது பந்தில்.

ஆறு ஃப்ரேமில் அவளுக்கு ஒரே ஒரு பின்தான் மிஞ்சியிருக்கிறது: ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, ஒன்பது, பத்து. பத்தாவதை விட்டுவிடுவோம். மற்ற ஐந்தில் அந்த ஒற்றைப் பின் விழுந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? முதல் ஃப்ரேமில் அந்தப் பின்னுக்கு 1, அடுத்த பந்தின் 8, கூடுதல் 9. இரண்டாவதில் 1-ம் 6-ம், ஆக 7. நான்காவதில் 1-ம் 7-ம், ஆக 8. எட்டாவதில் 1-ம் 9-ம், ஆக 10. ஒன்பதாவதில் 1-ம் 7-ம், ஆக 8. மொத்தம் 42. ஐந்தே ஐந்து பின்னுக்கு 42 மதிப்பெண். அவளுடைய 91, 133 ஆகியிருக்கும். மச்சானின் 116-ஐ நன்றாகவே தாண்டியிருப்பாள், ஒரு ஸ்ட்ரைக்கூடப் போடாமல். பார்க்கிறவர்கள் ஸ்ட்ரைக்குக்குத்தான் கை தட்டுவார்கள். சுமாராக ஆடுகிறவரை நன்றாக ஆடுகிறவராக மாற்றுவது ஒற்றைப் பின் ஸ்பேர்தான் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

கடைசி ஃப்ரேம் விஷயம். முதல் ஒன்பது ஃப்ரேம்களில் போனஸ் பந்துகள் பின்னால் வரும் ஃப்ரேமிலிருந்து கிடைத்துவிடும். பத்தாவதுக்குப் பின்னால் ஃப்ரேம் இல்லை. அதனால் அங்கே ஸ்ட்ரைக் விழுந்தால் இரண்டு பந்தும், ஸ்பேர் விழுந்தால் ஒரு பந்தும் அதே ஃப்ரேமுக்குள் கொடுக்கிறார்கள். இரண்டாவது ஆட்டத்தில் மச்சானுக்கு ஒன்பதிலும் ஸ்ட்ரைக், பத்திலும் ஸ்ட்ரைக், பிறகு 7, 2. ஒன்பதாவதுக்கு 10, 10, 7 சேர்ந்து 27. பத்தாவதுக்கு 10, 7, 2 சேர்ந்து 19. அந்தக் கூடுதல் பந்துகளுக்கென்று தனியாகப் போனஸ் கிடையாது. விழுந்தது விழுந்தபடி எண்ணப்படும். முதல் ஆட்டத்தில் உங்கள் மகளுக்குக் கூடுதல் பந்து கிடைக்காததன் காரணம் பத்தாவதில் அந்த ஒரு பின் நின்றுவிட்டதுதான். அது விழுந்திருந்தால் அவளும் மூன்றாவது பந்து உருட்டியிருப்பாள்.

இதே கணக்கில் ஒரு ஃப்ரேமின் அதிகபட்சம் 30, ஆட்டத்தின் அதிகபட்சம் 300. அதற்குப் பத்தாவதின் கூடுதல் இரண்டையும் சேர்த்து 12 ஸ்ட்ரைக் வேண்டும். ஸ்ட்ரைக், ஸ்பேர், ஸ்ட்ரைக், ஸ்பேர் என்று மாறி மாறி ஆடி முடித்தால் கச்சிதமாக 200 வரும். பிள்ளைகளுக்குக் கூட்டிப் பார்க்கக் கொடுக்க நல்ல கணக்கு. 300 என்ற உச்சம் ஆட்டத்தோடு பிறந்ததல்ல. முன்பு 200 தான் உச்சமாக இருந்தது. 1895-ல் நியூயார்க்கில் அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ் அமைந்து விதிகளை ஒன்றாக்கியபோதுதான் 300-ம், பின்களுக்கு இடையே 12 அங்குல இடைவெளியும் நிலைத்தன.

இதுவரை சொன்னதெல்லாம் உறுதி. இனி சொல்வதில் நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேச முடியும். கூட்டல் சரி என்பதற்கும், மெஷின் பின்களைச் சரியாகப் பார்த்தது என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பல இடங்களில் பந்து உருண்ட பிறகு எந்தெந்தப் பின் நிற்கிறது என்று ஒரு கேமராதான் பார்த்துச் சொல்கிறது. லென்ஸில் தூசியோ ஈரமோ படிந்தாலும், நிற்கும் பின் தன் இடத்தைவிட்டு நகர்ந்திருந்தாலும் அது தப்பாக எண்ணலாம். விதிப்படி, ஆடி ஆடி நின்றுவிட்ட பின் நின்ற பின்தான். பக்கச் சுவரில் சாய்ந்து கிடக்கும் பின் விழுந்ததாகக் கணக்கு. பள்ளத்தில் போன பந்து துள்ளி மேலே வந்து சாய்த்த பின் சேராது. விழுந்த பின்களைத் துடைத்துத் தள்ளும் மெஷின் கை இடித்துச் சாய்த்ததும் சேராது. இவற்றையெல்லாம் கேமரா பிரித்துப் பார்க்காது, கூட நிற்கும் மனிதர்தான் பார்க்க வேண்டும். அன்று உங்கள் லேனில் இப்படி ஏதாவது நடந்ததா என்பதைப் போட்டோவை வைத்து என்னால் சொல்ல முடியாது. சந்தேகம் வந்தால் அப்போதே கவுன்டரில் சொல்லுங்கள். எந்தப் பந்துக்கு எத்தனை என்று மாற்றி அடித்தால் போதும், அதைச் சார்ந்த ஃப்ரேம்களெல்லாம் தானாக மாறிவிடும்.

விடுதிகளில் இருக்கும் சிறிய லேன்களில் பின்களின் தலையில் கயிறு கட்டியிருப்பதும் உண்டு. ஒரு பின்னின் கயிறு இன்னொன்றை இழுத்துச் சாய்த்துவிடும். சில நேரம் விழ வேண்டியதையும் பிடித்து நிறுத்தும். அமெரிக்கப் பௌலிங் அமைப்பான யுஎஸ்பிசி 2023-ல் கயிற்றுப் பின் ஆட்டத்தைத் தனிப் பிரிவாகத்தான் அங்கீகரித்தது. கூட்டும் முறையில் மாற்றமில்லை. ஆனால் அங்கே எடுத்த ஸ்கோரையும் பெங்களூரிலோ சென்னையிலோ பெரிய லேனில் எடுக்கும் ஸ்கோரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். சர்வதேசப் போட்டிகள் சிலவற்றில் வேறொரு கணக்கு முறையும் பயன்பட்டிருக்கிறது: ஸ்ட்ரைக் விழுந்ததும் 30, ஸ்பேருக்கு 10-உடன் அதே ஃப்ரேமின் முதல் பந்து, பத்தாவதில் கூடுதல் பந்து இல்லை. பார்க்கிறவர்களுக்குச் சுலபம். அந்த முறையில் உங்கள் ஆட்டம் மகளுக்கு 96, மச்சானுக்கு 128 என்று வந்திருக்கும். உங்கள் திரையில் கட்டம் காலியாக நின்றதால் அங்கே ஓடியது வழக்கமான முறைதான்.

மகளுக்கு அடுத்த முறை செய்ய ஒன்று சொல்லுங்கள். எந்தப் பின் மிஞ்சியது என்று போட்டோவில் தெரியவில்லை. ஆனால் வலது கைக்காரர்களுக்கு அதிகம் மிஞ்சுவது வலது கோடியில் நிற்கும் பத்தாம் எண் பின். பந்தின் குறுக்களவு சுமார் எட்டரை அங்குலம், பின்னின் வயிறு சுமார் நாலே முக்கால். நடுவில் தனியாக நிற்கும் பின்னை 13 அங்குல அகலத்தில் எங்கே போனாலும் தொட்டுவிடலாம். கோடியில் நிற்கும் பின்னுக்கு ஒரு பக்கம் பள்ளம் இருப்பதால் அது 9 அங்குலம் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஆகவே நேராக நின்று ஓரத்தை ஒட்டி உருட்டக் கூடாது. லேனின் இடது பக்கமாகப் போய் நின்று, குறுக்காக வலது கோடிக்கு உருட்ட வேண்டும். இடது கோடியில் ஏழாம் எண் பின் நின்றால் வலது பக்கமாக நிற்க வேண்டும். இடது கைக்காரியாக இருந்தாலும் இதே விதிதான்: பின் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கம். 60 அடி தள்ளி இருக்கும் பின்னைப் பார்த்து உருட்டாமல், பந்தை உருட்டும் கோட்டிலிருந்து சுமார் 15 அடியில் தரையில் இருக்கும் அம்புக்குறிகளில் நடு அம்பைப் பார்த்து உருட்டச் சொல்லுங்கள். வேகத்தைக் கூட்ட வேண்டாம், ஒற்றைப் பின்னுக்குப் பந்து தொட்டாலே போதும். முதல் இரண்டு ஃப்ரேம்களில் எத்தனை அங்குலம் எந்தப் பக்கம் தவறுகிறது என்று மட்டும் நீங்கள் பின்னால் நின்று பாருங்கள். பந்து வலது பக்கம் தவறினால் காலையும் வலது பக்கமாகவும், இடது பக்கம் தவறினால் இடது பக்கமாகவும் கொஞ்சம் நகர்த்தி நிற்கச் சொல்லுங்கள். பார்க்கும் அம்பை மாற்ற வேண்டாம்.